உறைந்த மழை

பனி என்பது நம் ஊருக்குப் புதிய சொல் அன்று. ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்த முன்னோர், மார்கழியையும் தையையும் முன்பனிக்கும், மாசியையும் பங்குனியையும் பின்பனிக்கும் அளித்தனர். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் அருகே அமைந்த உப்பிலியபுரத்தில் பிறந்த நமக்கு, அந்தப் பனியின் இயல்பு நன்றாகவே தெரியும். விடியற்காலையில் வைக்கோற்போரின்மேல் ஈரமாய்ப் படிந்திருக்கும். சின்ன வெங்காயத் தாளின் நுனியில் முத்தாய் நிற்கும். வெயில் ஏறியதும் சொல்லாமல் போய்விடும். தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் போதும், அதனை வென்றுவிடலாம்.

ஆதலால், 2002ஆம் ஆண்டு இறையியல் மேற்படிப்புக்காக ஆஸ்திரிய நாட்டின் இன்ஸ்புருக் நகருக்குச் செல்லுமாறு மேதகு ஆயர் பணித்தபோது, "அங்கே பனி அதிகமாமே" என்று அஞ்சிய உறவினரிடம், "பனியில்தானே பிறந்தோம்" என்று சொல்லிச் சிரித்தோம். ஒரு சொல் பல பொருள் தருவதால் நேரும் மயக்கத்தைப் பற்றிக் குருமடத்து மெய்யியல் வகுப்பில் பாடம் கேட்டிருந்தும், அந்த மயக்கத்தோடேயே விமானம் ஏறினோம்.

இன்ஸ்புருக் என்றால் 'இன் ஆற்றுப் பாலம்' என்று பொருள். ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 570 மீட்டர் உயரத்தில் உள்ள நகரம். வடக்கே 2,300 மீட்டருக்கும் மேலாக உயர்ந்த மலைத்தொடர் மதில்போல நிற்கும். கொல்லிமலையைப் பார்த்து வளர்ந்த கண்களுக்கு, தெருமுனையில் மலை நிற்பது அந்நியமாகத் தோன்றவில்லை. இறையியல் பேரறிஞர் கார்ல் ரானர் கற்பித்ததும், 1984இல் மறைந்தபின் இயேசு சபைக் கோவிலின் நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டதும் அந்நகரில்தான். அங்குள்ள பல்கலைக்கழகம் 1669இல் தொடங்கப்பட்டபோது, அதற்கு வேண்டிய பொருள், பக்கத்து ஊராகிய ஹாலில் எடுக்கப்பட்ட உப்பின்மேல் விதித்த வரியிலிருந்து கிடைத்ததாம். உப்பு வரியில் எழுந்த கல்விக்கூடத்தில் உப்பிலியபுரத்து மாணவன்! நம் ஊர்ப் பெயரின் ஓசையைத் தோழர்களுக்கு விளக்கியபோது அவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தனர்.

டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை விழித்தபோது, ஏதோ ஒன்று குறைவதுபோல் இருந்தது. சற்றுப் பொறுத்தே புரிந்தது: குறைந்திருந்தது ஓசை. தெருவில் வண்டிகள் சென்றன. ஆனால் அவற்றின் இரைச்சல் கேட்கவில்லை. சன்னலைத் திறந்தோம். கூரைகள், மரக்கிளைகள், மிதிவண்டிகள், எதிர்வீட்டு வேலி யாவும் வெண்மை பூண்டு நின்றன. புதிதாய் விழுந்த பனித் துகள்களுக்கிடையே காற்று நிறைந்திருப்பதால், அது ஓசையை உறிஞ்சிக்கொள்கிறது என்பதைப் பின்னர் அறிந்தோம். அன்று அறிந்தது ஒன்றே: உலகம் பேசுவதை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேலங்கியை அணிந்துகொண்டு முற்றத்திற்கு ஓடினோம். கறுப்புக் கையின்மேல் விழுந்த ஒரு துகளை உற்று நோக்கினோம். ஆறு கைகள், ஒவ்வொன்றிலும் சிறு சிறு கிளைகள். வானியலறிஞர் கெப்ளர் இந்த ஆறு முனைகளைப் பற்றியே 1611இல் ஒரு சிறு நூல் எழுதித் தம் நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாக அளித்தாராம். நாமோ நூல் எதுவும் எழுதாமல், வாயைத் திறந்து நாக்கை நீட்டினோம். முப்பது வயதைக் கடந்த ஒரு குரு, முற்றத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்ற காட்சியை மேல்மாடியிலிருந்து பேராசிரியர் ஒருவர் பார்த்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை; தாமும் சன்னலுக்கு வெளியே கையை நீட்டினார்.

ஆயினும் உழவன் மகன் உழவன் மகனே. அன்று மாலை ஒரு வாளி நிறையப் பனியை அள்ளி வந்து அறையில் வைத்தோம். இரவு உணவு முடிந்து வந்து பார்த்தால், வாளியின் அடியில் கொஞ்சம் நீர் கிடந்தது. பத்து அங்குலப் புதுப்பனி உருகினால் ஏறத்தாழ ஓர் அங்குல நீர்தான் கிடைக்கும் என்றார் இல்லத்தைப் பராமரித்துவந்த முதியவர். பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பு ஒன்றில் இப்பனிக்கு 'உறைந்த மழை' என்ற சொல் வழங்குகிறது. பனியைக் கண்டிராத மக்களுக்காக எவரோ ஒருவர் தேடிக் கண்டெடுத்த அச்சொல்லின் அருமை, அந்த வாளியின் முன்னால் நின்றபோதுதான் விளங்கிற்று.

காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை வீட்டு வாசலை ஒட்டிய நடைபாதையைப் பனியின்றி வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை என்று அந்நாட்டுச் சாலைச் சட்டம் கூறுகிறது. எவரோ முன்பின் அறியாத ஒருவர் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்பதற்காகப் பொழுது விடியுமுன் எழவேண்டும். மாணவர்களாகிய நாமும் முறைவைத்து அப்பணியைச் செய்தோம். அகன்ற தட்டுப்போன்ற மண்வெட்டியால் பனியைத் தள்ளியபின் உப்பைத் தூவவேண்டும். உப்புக் கலந்த நீர், வெறும் நீர் உறையும் குளிரில் உறையாது. "உப்பில்லா ஊர்க்காரரே, உப்பைப் போடும்!" என்று தோழர்கள் கேலி செய்வார்கள். அந்த முதியவர் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். வேலை செய்துகொண்டே அவர் சொன்னார்: "பனியைப் பகையென்று எண்ணாதீர்கள், தந்தையே. வயலில் விதைத்த பயிருக்கு இதுதான் போர்வை. இது மூடாவிட்டால் கடுங்குளிரில் பயிர் கருகிவிடும். மலைமேல் விழுந்தது கோடைவரை காத்திருந்து ஆறாக இறங்கும்." கேட்டுக்கொண்டோம், அப்போது அதன் முழுப்பொருளை உணர்ந்தோமில்லை.

கிறிஸ்து பிறப்பு விழாவிற்குப் பின் வந்த ஒரு ஞாயிறன்று, நகருக்கு மேலே உள்ள இக்ல்ஸ் என்னும் ஊருக்குத் தோழர்கள் நம்மை அழைத்துச் சென்றனர். அந்நாட்டில் சிறுவர் முதல் கிழவர் வரை மரத்தாலான சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு காட்டுப்பாதையில் ஏறுவர்; பின் அதிலமர்ந்து சறுக்கிக்கொண்டே இறங்குவர். நாமும் ஏறினோம், இறங்கினோம். இரண்டாம் வளைவில் வண்டி ஒருபுறமும் நாம் ஒருபுறமுமாகப் பனிக்குவியலில் புதைந்தோம். காதிலும் கழுத்திலும் பனி. எழுந்திருக்க முயன்று மீண்டும் விழுந்தோம். அப்போது நம்மையறியாமல் ஒரு சிரிப்பு வெடித்தது. ஊரைவிட்டு வந்தபின், புரியாத மொழியோடும் தனிமையோடும் போராடிய மூன்று மாதங்களில், அடிவயிற்றிலிருந்து எழுந்த முதல் சிரிப்பு அது. அன்று ஐந்து முறை ஏறி இறங்கினோம்.

அதே ஞாயிறு மாலை வீட்டிற்குத் தொலைபேசியில் பேசும் நாள். உப்பிலியபுரத்தில் அப்போது இரவு எட்டரை மணி. கடைத்தெருவில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு நம் தந்தையார் முன்னதாகவே வந்து காத்திருப்பார். குருப்பட்டம் பெற்ற நாள்முதல் நம்மைப் பெயர் சொல்லி அழைப்பதை அவர் விட்டுவிட்டார்.

"சாமி, அங்க மழை தண்ணி உண்டா?" என்று கேட்டார்.

அவர் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் இருந்தது. 2002ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை நாடெங்கும் பொய்த்தது. வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படும் மேட்டூர் அணை அவ்வாண்டு அந்நாளில் திறக்கப்படவில்லை. காவிரிப் பாசனம் உள்ள ஊர்களே தவித்தபோது, கிணற்றையும் மலையிலிருந்து இறங்கும் அய்யாற்றையும் நம்பிய நம் பக்கத்து ஊர்களின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. "கிணத்துல தண்ணி அடியில போயிடுச்சு சாமி. இந்த வருசம் வெங்காயம் போடல. நீங்க கவலைப்படாதீங்க" என்றார்.

நம் தலைமயிரில் அப்போதும் பனியின் ஈரம் இருந்தது. விண்ணிலிருந்து கொட்டிய நீரில் பகல் முழுவதும் புரண்டு விளையாடிவிட்டு வந்திருக்கிறோம். அங்கே தந்தையார் வற்றிய கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சறுக்குவண்டியைப் பற்றிச் சொல்ல நா எழவில்லை.

"மழை இல்லப்பா. குளிர்தான். ரொம்பக் குளிர்" என்றோம்.

"கம்பளியப் போத்திக்குங்க சாமி" என்று அவர் நமக்கு ஆறுதல் சொன்னார்.

அன்றுமுதல் மூன்று ஆண்டுகளும் நம் கடிதங்களில் குளிரே நிறைந்திருந்தது. உதடு வெடித்தது, பத்துப் பாகை உறைநிலைக்குக் கீழே சென்றது, நான்கரை மணிக்கே இருட்டிவிட்டது என்றெல்லாம் எழுதினோம். எழுதியவை யாவும் உண்மைகளே. ஆனால் எழுதாமல் விட்டதே பெரிய உண்மை. பெற்றோர் துன்புறும்போது நம் மகிழ்ச்சியை மறைப்பது அன்பென்றும் துறவென்றும் எண்ணிக்கொண்டோம்.

2003 சனவரியில் மூவரசர் திருநாளையொட்டி, அரசர்போல வேடமிட்ட சிறுவர் குழு ஒன்று நம் இல்லத்திற்கு வந்தது. அந்நாட்டுக் கத்தோலிக்கச் சிறுவர் இயக்கத்தினர் 1950களிலிருந்து ஆண்டுதோறும் இவ்வாறு வீடுவீடாகப் பாடிச் சென்று, ஏழை நாடுகளின் மக்களுக்காக நிதி திரட்டுகின்றனர். கதவு நிலையில் ஆண்டையும் ஆசியின் எழுத்துகளையும் சுண்ணக்கட்டியால் எழுதுகின்றனர். நாம் இந்தியாவிலிருந்து வந்தவர் என்றறிந்த ஒரு சிறுமி, "உங்கள் ஊர்ப் பிள்ளைகள் பனியில் என்ன விளையாடுவார்கள்?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் இத்தகைய பனி இல்லை என்றோம். அவள் முகம் வாடியது. உண்டியலில் காசு சேர்ப்பதைவிடப் பெரிய குறை ஒன்றைக் கண்டுபிடித்தவள்போல், குனிந்து ஒரு பிடி பனியை உருட்டி நம் கையில் வைத்தாள். "இதை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்" என்றாள். அது நம் உள்ளங்கையிலேயே உருகிற்று. அச்சிறுமி ஒரு நொடியில் செய்ததை நாம் மூன்று ஆண்டுகளில் செய்யவில்லை.

வேனிற்காலம் வந்தது. 2003ஆம் ஆண்டுக் கோடையில் ஐரோப்பாவே வெந்தது. ஆயினும் இன் ஆறு வற்றவில்லை. மலைமேல் கிடந்த பனியும் பனியாறுகளும் உருகி, சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் பாலத்தின்கீழ் பாய்ந்தோடின. எசாயா நூலின் 55ஆம் அதிகாரம் மழையையும் பனியையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவதைப் பலமுறை வாசித்திருக்கிறோம். பனியைப் பெறாத நாட்டில் அச்சொல்லைத் தாண்டிச் சென்றோம். அப்பாலத்தின்மேல் நின்றபோது, மலை தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்று கண்டோம்.

2006இல் படிப்பு முடிந்து ஊர் திரும்பினோம். ஓரிரவு திண்ணையில் அமர்ந்திருக்கையில், என்ன தோன்றிற்றோ, சறுக்குவண்டியிலிருந்து விழுந்த கதையைத் தந்தையாரிடம் சொன்னோம். வாளிப் பனியைச் சொன்னோம். நாக்கை நீட்டியதைச் சொன்னோம். உப்புத் தூவியதைச் சொன்னோம். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உள்ளே இருந்த தாயாரை அழைத்து, மீண்டும் ஒருமுறை சொல்லச் சொன்னார். சிரித்து ஓய்ந்தபின் சற்றுநேரம் பேசாமல் இருந்தார்.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே சாமி" என்றார். "கிணறு வத்தின வருசம் வீட்ல சந்தோசமா கேக்க ஒரு சேதி இல்ல. நீங்க சிரிச்சீங்கன்னு ஒரு வரி எழுதியிருந்தா, அத வச்சே உங்க அம்மா ஒரு மாசம் ஓட்டியிருப்பா. குளிரு குளிருன்னு எழுதினீங்க. நாங்க இங்க வெயில்ல உக்காந்துகிட்டு உங்களுக்காக நடுங்கினோம்."

மறுமொழி கூற நம்மிடம் ஒன்றுமில்லை. பகிர்ந்தால் அவர்களுக்கு வலிக்கும் என்று எண்ணினோமே, அவ்வெண்ணத்தில் ஒரு சிறுமை ஒளிந்திருந்தது. நம் மகிழ்ச்சியைக் கண்டு பெற்றோர் பொறாமை கொள்வர் என்றல்லவா அதற்குப் பொருள்? அவர்களின் வறட்சியை நாம் தாங்கியதாகவும் இல்லை; நம் மகிழ்ச்சியை அவர்கள் சுவைக்க விட்டதாகவும் இல்லை. மலைமேலேயே உறைந்து நின்ற பனி எந்த வயலுக்கும் உதவாது.

தந்தையார் மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. சென்ற மார்கழியில் நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் திருப்பலிக்குப்பின் வந்தார். மகன் கனடாவில் படிக்கிறான். "எப்பப் பேசினாலும் குளிரு, வேலை, கடன்னே சொல்றான் சாமி. பயமா இருக்கு" என்றார். அவரது கைப்பேசியிலேயே அப்பிள்ளையை அழைத்தோம். படிப்பு, உணவு எல்லாம் விசாரித்தபின், "தம்பி, பனியில் விளையாடினாயா?" என்று கேட்டோம். சற்றுத் தயங்கினான். பிறகு குரலைத் தாழ்த்தி, "விளையாடினேன் சாமி. நல்லா இருந்துச்சு. அம்மா இங்க கடன் கட்டிக்கிட்டு இருக்கப்ப எப்படிச் சொல்றதுன்னுதான்..." என்றான்.

"அதைத்தான் முதலில் சொல்லவேண்டும்" என்று கூறி, கைப்பேசியை அத்தாயிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தோம். கோவில் முற்றத்துப் புல்லில் நம் ஊர்ப் பனி இன்னும் காயாமல் இருந்தது. சற்று நேரத்தில், பின்னால் அத்தாய் சிரிக்கும் ஒலி கேட்டது.