கத்திக்கு அஞ்சுவோர்

புற்று என்ற சொல் ஒரு வீட்டினுள் நுழைந்துவிட்டால் வேறெந்தச் சொல்லும் காதில் விழுவதில்லை. என் தங்கைக்கு 34 வயதில் திசுச் சோதனை முடிவு வந்தபோது எங்கள் இல்லத்திலும் அதுவே நேர்ந்தது. இரண்டாண்டுகள் ஆஸ்துமாவுக்கென மருந்துண்டு வந்தவள் அவள். இருமலில் இரத்தம் கண்ட பின்னரே, இடப்புற மூச்சுக்கிளையை ஒரு கட்டி அடைத்திருப்பது தெரிந்தது. "கத்தி பட்டால் புற்று பரவும், தொடாதீர்கள்" என்றனர் உறவில் மூத்தோர்.

அக்கட்டியின் பெயர் கார்சினாய்டு. நுரையீரற் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டே இவ்வகை. பெரும்பாலும் மெல்ல வளரும்; மூச்சுப் பாதையை அடைத்து இளைப்பு நோய்போல் ஏமாற்றும். இயல்பானது, இயல்பு மீறியது என இதில் இரு வகையுண்டு. முன்னதில், அறுவைக்குப்பின் ஐந்தாண்டு கடந்து வாழ்வோர் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர். பின்னதில் அவ்வெண் கணிசமாகக் குறையும். எவ்வகையாயினும், பரவுமுன் முழுவதும் வெட்டியகற்றுவதே முதன்மைச் சிகிச்சை. கத்தி நோயைப் பரப்புவதில்லை; காலத் தாழ்வே அதற்கு வழிவிடுகிறது.

முழு நுரையீரலையும் இழக்க வேண்டுமோ என்பது எங்கள் அடுத்த அச்சம். 1947இல் இங்கிலாந்தில் கிளெமென்ட் பிரைஸ் தாமஸ் என்ற அறுவை மருத்துவரும் இதே கேள்வியை எதிர்கொண்டார். இத்தகைய கட்டியுடன் வந்த இளைஞர் விமானப்படைப் பயிற்சி மாணவர். ஒரு நுரையீரலை இழந்தால் விமானம் ஓட்ட இயலாது. எனவே, கட்டியுள்ள மூச்சுக்குழற் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, இரு முனைகளையும் இணைத்துத் தைத்தார். அவ்வழியிலேயே என் தங்கைக்கும் மேல்மடல் மட்டும் நீக்கப்பட்டு, கீழ்மடல் காக்கப்பட்டது. அருகிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துச் சோதித்தனர், அவற்றில் நோயில்லை. கட்டியும் இயல்பான வகையே.

"மீதிப் பத்துப் பேரில் இவளும் ஒருத்தியானால், ஐயா?" என்று கேட்டார் அம்மா. "எண் பலரைப் பற்றியது, அம்மா. இவளைப் பற்றிச் சொல்ல ஆண்டுகள் வேண்டும்" என்றார் மருத்துவர்.

அவ்விடை அன்று கசந்தது. இன்று அதன் நேர்மை விளங்குகிறது. இக்கட்டி பத்தாண்டு கழித்தும் திரும்பக்கூடும். எனவே ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்கிறாள். மற்ற நாட்களில் வகுப்பறையின் கடைசி வரிசைவரை கேட்கப் பாடம் நடத்துகிறாள். நம்பிக்கை என்பது சோதனையைத் தவிர்ப்பதன்று. அதற்கு நாள் குறித்துவிட்டு இன்றைய வேலையைத் தொடர்வதே.