அப்பாவின் பின் கார்டும் என் சாம்பா சர்வரும்

டிஸ்கி: கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம் வரும். பயந்து ஓட வேண்டாம். பாதிக்கு மேல் எங்க அப்பாதான் வருவார்.

புனேவுக்கு வந்து குப்பை கொட்ட ஆரம்பித்துப் பல வருஷம் ஆச்சு. நான் பிடுங்குகிற ஆணி என்னவென்று ஊரில் யாருக்கும் இதுவரை விளக்க முடிந்ததில்லை. "கம்ப்யூட்டர்ல வேலை" என்றால் போதும், பெரியப்பா ஓடாத பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். உண்மையைச் சொன்னால் நான் ஒரு ஸ்டோர் கீப்பர். கார் உதிரி பாகங்களுக்கு வரைபடம் போடுகிற ஒரு கம்பெனியில், அத்தனை வரைபடமும் ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கும். டிசைனர்களின் விண்டோஸ் பெட்டிகளுக்கு அதை எடுத்துக் கொடுப்பது சாம்பா என்கிற சர்வீஸ். அதைக் கட்டி மேய்ப்பது அடியேன்.

2016 செப்டம்பர். ஒரு டிசைனர் வேலையை விட்டுப் போனார். அவருடைய ஹோம் டைரக்டரியில் இருந்த வரைபட ஃபோல்டரைப் பொது ஷேருக்கு மாற்றச் சொன்னார் டேமேஜர். ஒரே ஒரு 'எம்வி' கட்டளை. அடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் நாலு போன். அந்த ஃபோல்டரைத் திறந்தால் "அனுமதி இல்லை" என்கிறதாம்.

ஓனர் யார் என்று பார்த்தேன். சரி. குரூப் பார்த்தேன். அதுவும் சரி. 'சிஎச்மாட் 777' போட்டேன். அது வாசல் கதவைக் கழற்றி வைத்துவிட்டு ஊரையே உள்ளே கூப்பிடுகிற கட்டளை. அப்பவும் அனுமதி இல்லை. சாயங்காலம் கிளையண்டுக்கு டெலிவரி. டேமேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று மூச்சு விடுகிறார். 'செட்என்ஃபோர்ஸ் 0' என்று தட்டினேன். சட்டென்று திறந்துகொண்டது. ரீஸ்டார்ட் ஆனாலும் இப்படியே இருக்கட்டும் என்று கான்ஃபிக் ஃபைலிலும் 'பெர்மிசிவ்' என்று எழுதி வைத்தேன். அப்புறமா பாத்துக்கலாம். அந்த அப்புறம் மூணு மாசம் வரவே இல்லை.

நான் செய்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண லினக்ஸில் ஃபைலின் சொந்தக்காரர் யாருக்கு வேண்டுமானாலும் அனுமதி கொடுக்கலாம். அவர் வீடு, அவர் சாவி. எஸ்இலினக்ஸ் என்பது அதற்கு மேலே இன்னொரு காவல். அமெரிக்காவின் என்.எஸ்.ஏ. 2000 டிசம்பரில் வெளியிட்டது. 2003-இல் வந்த லினக்ஸ் 2.6-இல் சேர்ந்தது. இதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள், ஓடுகிற ஒவ்வொரு சர்வீசுக்கும் ஒரு லேபிள். எந்த லேபிள்காரர் எந்த லேபிள் சாமானைத் தொடலாம் என்று ஒரு விதிப்புத்தகம். அதில் எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் கிடையாது. சொந்தக்காரரே வந்து நின்று "நான்தான் சொல்றேன், விடு" என்றாலும் விடாது. நான் அந்தக் காவலைத்தான் சும்மா உட்காரச் சொல்லியிருந்தேன்.

டிசம்பரில் அப்பா கோவில்பட்டியிலிருந்து வந்தார். வந்த மூணாம் நாள் சாயங்காலம் வாக்கிங் போனவர் ஏழரை ஆகியும் திரும்பவில்லை. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தங்கமணிக்குக் கை கால் ஓடவில்லை. நான் இறங்கி ஓடினால், எங்கள் சொசைட்டியின் பின் கேட்டுக்கு வெளியே, ஒரு கல்லில் உட்கார்ந்திருக்கிறார். அந்த கேட்டில் இருந்த புது வாட்ச்மேனுக்கு அவரைத் தெரியாது. இவருக்கு ஹிந்தி தெரியாது. ஃப்ளாட் நம்பரை விரலால் காட்டியிருக்கிறார். அவன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிவிட்டானாம். டிசம்பர் குளிரில் முக்கால் மணி நேரம்.

எனக்கு வந்ததே கோபம். தெரிந்த ஹிந்தியெல்லாம் சேர்த்து அவனைத் திட்டினேன். அப்பா என் கையைப் பிடித்தார்.

"அந்தப் பயலைத் திட்டாதய்யா. அவன் நோட்டுல என் பேரு இல்ல. எழுதிக் கொடுக்க வேண்டியது நீ. நீ செய்யல, அவன் என்ன பண்ணுவான்?"

இந்த இடத்தில் ஒரு கொசுவத்தி சுத்தியே ஆக வேண்டும். அப்பா ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஸ்டோர் கீப்பர். பேரிங், பெல்ட், பாபின் எதுவானாலும் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட இண்டென்ட் வந்தால்தான் வெளியே போகும். நான் எட்டாவது படிக்கும்போது ஒருநாள் ராத்திரி, முதலாளி வீட்டுப் பையன் ஜீப்பில் வந்து மோட்டார் பெல்ட் கேட்டிருக்கிறான். தோட்டத்து பம்புசெட்டுக்காம். இண்டென்ட் இல்லை. அப்பா கொடுக்கவில்லை. "எங்க அப்பா மில்லு இது" என்றானாம். "ஆமா தம்பி, அதனாலதான் பூட்டி வச்சிருக்கேன்" என்றாராம் இவர். அடுத்த வாரம் அவரை ஸ்டோரிலிருந்து எடுத்து நைட் ஷிஃப்ட் கேட்டில் போட்டார்கள். ஆறு மாசம். அந்த வருஷம் எங்கள் வீட்டில் தீபாவளி ரொம்பச் சின்னது. "ஒரு பெல்ட்டுதானே, கண்டும் காணாம விட்டிருக்கலாம்ல" என்று அம்மா சொல்லாத நாளில்லை. எனக்கும் அப்பா மேல் உள்ளுக்குள் அந்தக் கோபம் ரொம்ப நாள் இருந்தது.

கேட்டிலிருந்து திரும்பி நடக்கும்போது அது ஞாபகம் வந்தது. மூணு மாசமாக நான் என் ஸ்டோரில் கண்டும் காணாமல் விட்டுக்கொண்டிருக்கிறேன். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அவரிடம் முழுக்கதையையும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி:

"அப்ப, வாட்ச்மேன் நோட்டுல எழுதிக்கிட்டு மட்டும் இருக்கான், யாரையும் நிப்பாட்டறதில்ல. அப்படித்தானே?"

பெர்மிசிவ் என்றால் அதேதான். இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த மேனுவலிலும் படித்ததில்லை. அடுத்த கேள்விதான் என்னைத் தூக்கி அடித்தது.

"சாமானை ரேக் மாத்துனியே, பின் கார்டை மாத்துனியா?"

பின் கார்டு என்பது மில் ஸ்டோரில் ஒவ்வொரு தட்டிலும் தொங்குகிற அட்டை. சாமான் என்ன, எத்தனை, யாருக்குப் போனது என்று அதில் இருக்கும். நான் செய்த தப்பு அதுதான். 'எம்வி' கட்டளை ஃபைலை அதன் பழைய லேபிளோடு தூக்கிக்கொண்டு வரும். பொது ஷேருக்கு வந்த பிறகும் அந்த ஃபோல்டர் 'யூசர்_ஹோம்_டி' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதாவது யாரோ ஒருவர் வீட்டுச் சொந்தச் சாமான். சாம்பா அதைத் தொட மறுத்தது சரிதானே? அந்த இடத்திலேயே 'சிபி' போட்டுப் புதிதாக நகல் எடுத்திருந்தால், புது ஃபோல்டரின் லேபிள் தானாக ஒட்டியிருக்கும்.

மறுநாள் ஆடிட் லாக்கைத் திறந்தேன். மூணு மாசக் கணக்கும் வரிசையாக இருந்தது. ஆடிட்2அலவ் என்று ஒரு கருவி உண்டு. மறுக்கப்பட்டதையெல்லாம் படித்து, அத்தனைக்கும் அனுமதி எழுதிக் கொடுக்கும். கேட்டதைக் கேட்டபடி எழுதித் தருகிற பத்திர எழுத்தர் மாதிரி. அதை ஓட்டிப் பார்த்தால், எல்லார் ஹோம் டைரக்டரி ஃபைல்களையும் சாம்பா படிக்கலாம் என்று ஒரு விதி எழுதித் தந்தது. ஒரு ஃபோல்டருக்காக எல்லார் வீட்டையும் திறப்பதா? வேண்டாம் சாமி.

சரியான வழி ரெண்டே கட்டளை. 'செமனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்' கட்டளையால், இந்த ஷேருக்குக் கீழே உள்ளதெல்லாம் 'சாம்பா_ஷேர்_டி' என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பிறகு 'ரீஸ்டோர்கான்' ஓட்டினால் பதிவேட்டில் உள்ளபடி லேபிள் ஒட்டிவிடும். 'சிஎச்கான்' என்று ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. அது சாக்பீஸில் எழுதுவது போல. அடுத்த தடவை யாராவது ரீஸ்டோர்கான் ஓட்டினால் அழிந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் லாக்கில் தெரிந்தது. ஒரு ஃபோல்டரில் வெண்டர் எஃப்டிபி வழியாக ஃபைல் போடுவார், எங்கள் ஆட்கள் சாம்பா வழியாக எடுப்பார்கள். இரண்டு சர்வீசுக்கும் பொதுவான சாமானுக்கு 'பப்ளிக்_கன்டென்ட்_ஆர்டபிள்யூ_டி' என்று தனி லேபிளே இருக்கிறது. அதில் எழுத வேண்டுமென்றால் ஒவ்வொரு சர்வீசுக்கும் தனித்தனியாக ஒரு சுவிட்சைப் போட வேண்டும். போட்டேன். பிறகு சாம்பாவை மட்டும் ஒரு வாரம் பெர்மிசிவில் வைத்து, மற்ற எல்லாவற்றையும் என்ஃபோர்சிங்குக்குக் கொண்டுவந்தேன். லாக்கில் புதிதாக ஒன்றும் விழவில்லை. கடைசியில் சாம்பாவையும் மாற்றினேன். ஒருத்தர் கூடப் போன் பண்ணவில்லை. எங்கள் தொழிலில் கைதட்டல் என்றால் அதுதான்!

2017 மே மாசம் ஞாபகம் இருக்கிறதா? 12-ஆம் தேதி வான்னாக்ரை வந்து உலகம் முழுக்க விண்டோஸ் பெட்டிகளைப் பூட்டியது. "நம்மளுது லினக்ஸ்தானே" என்று டேமேஜர் தெம்பாக இருந்தார். 24-ஆம் தேதி சாம்பாக்காரர்களின் அறிவிப்பு வந்தது. 2010-இல் வந்த 3.5.0-லிருந்து ஒரு ஓட்டை. ஷேரில் எழுத அனுமதி உள்ள எவரும் ஒரு நிரல் ஃபைலைப் போட்டு, அதை சர்வரையே ஓட்ட வைக்கலாம். எங்கள் ஷேரில் எழுத அனுமதி இல்லாத டிசைனரே கிடையாது. ஒருவர் பெட்டியில் வைரஸ் வந்தாலும் கதை முடிந்தது.

சரி செய்த பேக்கேஜ் அன்றே வந்துவிட்டது. ஆனால் டெலிவரி வாரம், சர்வீசை நிறுத்தக் கூடாது, சனிக்கிழமை ராத்திரி போட்டுக்கொள் என்றார்கள். இடையில் மூணு நாள். எஸ்இலினக்ஸ் ஓடினால், சாம்பா தன் சொந்த இடத்துக்கு வெளியே இருந்து எந்த நிரலையும் ஏற்ற விடாது, இந்தத் தாக்குதல் பலிக்காது என்று ரெட் ஹேட் தன் அறிவிப்பில் சொல்லியிருந்தது. அதை நாலு தடவை படித்தேன். 'கெட்என்ஃபோர்ஸ்' என்று தட்டினேன். 'என்ஃபோர்சிங்' என்றது. செப்டம்பரில் விட்டபடியே விட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று நினைத்ததும் வயிற்றைக் கலக்கியது.

சனிக்கிழமை ராத்திரி எல்லாம் முடித்துவிட்டு, நேரம் பார்க்காமல் அப்பாவுக்குப் போன் போட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்த மூணு நாள்ல யாராச்சும் வந்தாங்களா?"

"லாக்கைப் பாத்தேன். யாரும் வரலப்பா."

"வராட்டி என்னய்யா. பூட்டித்தானே இருந்துச்சு."

பின்னால் அம்மா குரல்: "இந்நேரத்துல என்ன பெல்ட்டுக் கதையா?"

பி.கு. 1: அந்த சர்வர் சென்ட்ஓஎஸ் 7. அதற்கு 2024 ஜூனோடு ஆயுள் முடிந்தது. இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உடனே மாற்றுங்கள். அப்புறமா பாத்துக்கலாம் வேண்டாம்.

பி.கு. 2: இது சர்வர்காரர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இதே காவல் முழுசாக வேலை செய்கிறது.

பி.கு. 3: ஊரிலிருந்து அப்பா அம்மா வருவதற்கு முன்னால், எல்லா கேட் நோட்டிலும் அவர்கள் பெயரை எழுதி வையுங்கள். வாட்ச்மேனைத் திட்டுவதைவிட அது ரொம்பச் சுலபம்.