கம்புக்கு முன்னால் காலடி

சிலம்ப வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "எப்பக்கா கம்பு சுத்த விடுவீங்க?" என்பதுதான். இப்போதைக்குக் கம்பு கிடையாது, காலடி மட்டும்தான் என்றதும் முகம் சுண்டிப்போகும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில், திருமயம் பக்கத்தில் செம்மண் தரையில்தான் எங்கள் வகுப்பு. பிள்ளைகள் வருமுன் தண்ணீர் தெளித்துக் கூட்டி வைத்துவிடுவேன். அவர்கள் காலடி போட்டு முடித்தபின் தரையைப் பார்த்தாலே போதும், யார் எப்படி நின்றார்கள் என்று தெரிந்துவிடும். குதிகால் ஆழமாகப் பதிந்திருந்தால் அந்தப் பிள்ளை பயந்து உடம்பைப் பின்னால் சாய்க்கிறது. திரும்பிய இடத்தில் மண் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தால் காலைத் தூக்கி வைக்காமல் இழுத்திருக்கிறது. இரண்டு தடமும் நெருங்கி இருந்தால் தோளில் ஒரு தள்ளு போதும், விழுந்துவிடும். இதையெல்லாம் திருத்தாமல் கம்பைக் கொடுத்தால் பிள்ளை கம்பை நம்பி நிற்கும். பறிபோனால் அதோடு சரி.

கம்பைத் தரையில் ஊன்றினால் புருவ மத்திக்கு எட்ட வேண்டும். வளரும் பிள்ளைக்குப் பழைய கம்பு எட்டாமல் போகும். புதிது வாங்கித்தான் ஆக வேண்டும். மூங்கிலின் கோணலைத் தணலில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் தடவி வைப்போம். வீச ஆரம்பித்ததும் முதல் அடி எதிராளிக்கு விழாது. சொந்தக் கணுக்காலிலும் காது மடலிலும்தான் விழும். மணிக்கட்டு இளகாமல் முழங்கையால் சுற்றுவதால் வரும் அடி அது. அக்குளுக்கு அடியில் கம்பின் வால் உரசாமல் போகத் தொடங்கினால் மணிக்கட்டு திறந்துவிட்டது என்று அர்த்தம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் தாய்மாமன். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது தூரத்தைப் பற்றித்தான். கம்பு எட்டாத தூரத்தில் நிற்பவனால் ஆபத்தில்லை. அங்கேயே அவனை நிறுத்தி வைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. கம்பின் நுனி எட்டும் தூரத்தில்தான் அடிக்கு வலு. அதையும் தாண்டி ஒருவன் நெஞ்சோடு நெஞ்சாக வந்துவிட்டால் நெடுங்கம்பு வெறும் சுமை. அப்போது வெறுங்கைச் சண்டையான குத்துவரிசைதான் கைகொடுக்கும். வீடு கட்டி, அதாவது காலடி வரிசை போட்டுப் பழகுவதே, எந்தத் தூரத்தில் இருக்கிறோம் என்பதைக் கண்ணுக்கு முந்திக் கால் தெரிந்துகொள்வதற்காக.

பிலிப்பைன்ஸ் நாட்டின் ஆர்னிஸ் கலையையும் கொஞ்சம் படித்திருக்கிறேன். 2009-ல் அந்த நாடு சட்டம் போட்டே அதைத் தேசியத் தற்காப்புக் கலையாக அறிவித்தது. ஏறக்குறைய 28 அங்குலப் பிரம்பு, சில சமயம் இரு கையிலும் ஒவ்வொன்று. அவர்கள் பயிற்சியில் என்னை ஈர்த்தது, ஆரம்பத்திலிருந்தே எதிரில் ஒரு ஆள் நிற்பதுதான். ஒருவர் அடிக்க, மற்றவர் தடுத்துத் திருப்பி அடிக்க, தாளம் தவறாமல் போய்க்கொண்டே இருக்கும். தலையையும் உடம்பையும் தேடிப் போகுமுன் ஆயுதம் பிடித்த கையை அடிப்பார்கள். நம் ஆசான்களும் மணிக்கட்டைத்தான் முதலில் காட்டினார்கள். ஊர்ப் போட்டிகளில் கம்பு நுனியில் சாம்பலோ சாயமோ தடவி, யார் மேல் எத்தனை பொட்டு விழுந்தது என்று எண்ணிய வழக்கமும் நம்முடையதுதான். எதிராளி இல்லாத சிலம்பத்தை அந்தக் காலத்தில் யாரும் முழுச் சிலம்பமாக மதித்திருக்க மாட்டார்கள்.

1940-ல் வந்த 'உத்தமபுத்திரன்' படத்தில் இரட்டை வேடம் போட்ட பி.யு.சின்னப்பா புதுக்கோட்டைக்காரர், சிலம்பம் கற்றவர். எங்கள் பக்கத்தில் கம்புக்கும் நடிப்புக்கும் அவ்வளவு நாள் உறவு. அதனால் பார்வையாளருக்காகச் சுற்றும் அலங்கார வீச்சின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. திருவிழாவில் சாமிக்கு முன்னால் தீப்பந்தம் சுற்றும்போது எனக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் மணிக்கணக்கில் ஓயாமல் கம்பு சுற்றிச் சாதனைச் சான்றிதழ் வாங்கும் பிள்ளைகளைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அவ்வளவு உழைப்பையும் போட்ட அந்தக் குழந்தைக்கு, ஒருவன் கையைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வது என்று யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டிலும் அதைச் சேர்த்திருக்கிறார்கள். கிராமத்துப் பெண் பிள்ளைகளை வீட்டார் துணிந்து வகுப்புக்கு அனுப்ப இதுவும் ஒரு காரணம். மனதார வரவேற்கிறேன். அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சித் திட்டமும் இருக்கிறது. மூன்று மாதத்தில் ஆயுதம் கற்றுத்தர முடியாது. ஆனால் நிற்கவும், விலகவும், பிடியை உதறவும், அடிவயிற்றிலிருந்து கத்தவும் தாராளமாகப் பழக்கலாம். கத்துவதைத்தான் எங்கள் பிள்ளைகள் கடைசியாகப் பழகுகிறார்கள். "பொம்பளப் பிள்ளை சத்தம் வெளியே கேக்கக் கூடாது" என்று வளர்த்த தொண்டை லேசில் திறப்பதில்லை.

பள்ளிக்கோ டவுன் பஸ்ஸுக்கோ யாரும் புருவ உயரக் கம்போடு போவதில்லை. அதனால் குடை, சைக்கிள் பம்பு, சுருட்டிய துப்பட்டா என்று கையில் இருப்பதை வைத்தும் பழகுகிறோம். சட்டத்தையும் சொல்லிக்கொடுக்கிறேன். பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தன் உடம்பைக் காக்க அடிக்கலாம், தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது. தாக்குபவன் பிடியை விட்டதும் ஓடிவிட வேண்டும். வீரமாக நின்று இன்னொரு அடி போடும் பிள்ளையை நான் பாராட்டுவதில்லை. மறுபடி ஓடிக் காட்டச் சொல்வேன்.

மகளுக்கு வகுப்பு தேடும் பெற்றோர் ஒருநாள் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். எதிரில் ஆள் நிற்கிறாரா, உயரமும் எடையும் கூடிய ஆளோடும் பழக்குகிறார்களா, கம்பில்லாமல் எவ்வளவு நேரம் போகிறது, தொட்டுத் திருத்துமுன் பிள்ளையிடம் ஆசிரியர் கேட்கிறாரா என்று கவனியுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் கோப்பைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.