பொன் போன வழி

மராத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடிய அத்தொலைவே 1921இல் உலகப் பொது அளவாயிற்று. போர்த்துகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் ஆண்டுதோறும் நடைபெறும் ஓட்டத்தில் அத்தொலைவை ஓடி முடிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. கோலார் தங்கவயலில் பிறந்தவன் கண்ணுக்கு அவ்வழி காட்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

கடலோர ஊரான காஸ்காயிஸில் ஓட்டம் தொடங்குகிறது. அட்லாண்டிக் பெருங்கடலை ஒட்டிச் சென்று, டேகஸ் ஆற்றின் முகத்துவாரத்தை அடைந்து, பெலெம் வழியே நகருக்குள் நுழைகிறோம். 1497இல் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் புறப்பட்ட துறை அது. கீழ்த்திசை வாணிக வரியால் எழுந்த மடாலயம் இன்றும் அங்கே வெண்ணிறக் கல்லில் ஒளிர்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரேசில் நாட்டுத் தங்கமும் இந்நகரில்தான் வந்து குவிந்தது. 1755ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்த நகரம் மீண்டும் எழுந்தது. ஓட்டம் முடியும் வணிகச் சதுக்கம் அதன்பின் கட்டப்பட்டதே. மன்னர்க்கும் மாலுமிகளுக்கும் சிலைகள் கண்டேன். பொன் வெட்டிய அடிமைகளின் பெயரொன்றும் வழியில் என் கண்ணில் படவில்லை.

முப்பதாவது கிலோமீட்டருக்கு மேல் கால்கள் கனத்தன. அப்பொழுது என் உள்ளம் பாட்டனாரிடம் சென்றது. வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடித் தங்கவயலுக்கு வந்தவர் அவர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே கால்கொண்டனர். சாம்பியன் ரீப் சுரங்கம் நாளடைவில் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தை எட்டியது. அடியாழத்தில் பாறையே 60 டிகிரி வெப்பத்தைத் தாண்டும். பாறை வெடித்தால் உயிருக்கு உறுதியில்லை. எனக்கோ வழிநெடுகத் தண்ணீர் தந்தார்கள். இயலாவிடில் ஒதுங்கி நிற்கவும் உரிமை இருந்தது. கூண்டில் ஏறிக் கீழிறங்கியவர்க்கு அவ்வுரிமை ஏது? அவர்கள் வெட்டிய பொன்னும் நெடுங்காலம் கப்பலேறி இலண்டனுக்கே போயிற்று.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பொன் வரவு நின்ற பின்னும் லிஸ்பன் பொலிவோடு நிற்கிறது. பொன் தந்த எங்கள் ஊரில் எஞ்சியவை சயனைடு மண்மேடுகளும், துருவேறிய இரும்புக் கோபுரங்களும், வேலையிழந்த குடும்பங்களுமே. அன்று முதல் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் உழைத்து, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். என் தந்தையாரும் அவ்வாறு பல்லாண்டு சென்று வந்தவரே. ஒருநாள் ஓடிய எனக்குப் பதக்கம் அணிவித்தார்கள். அந்த அன்றாட ஓட்டத்திற்குப் பதக்கமும் இல்லை, எல்லைக்கோடும் இல்லை.

நம் பிள்ளைகள் அயல்நாட்டு நகரங்களைக் கண்டு வரட்டும். மாட மாளிகைகளை மனமார வியக்கட்டும். அவற்றின் பொன் எவர் கையால் வந்தது என்றும் ஒருமுறை கேட்கட்டும். சுரங்கத்தில் உழைத்த முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். எந்தச் சுரங்கத்தில், எத்தனை ஆண்டுகள், எவரோடு உழைத்தார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாகக் கேட்டு எழுதி வைப்பது நம் கடன். கல்லில் ஏறாத பெயர்கள் ஏட்டிலாவது நிற்கட்டும்.