கருவியும் கண்ணும்

நிற்கும் மரத்தைப் படம் எடுப்பவருக்கு அவசரம் இல்லை. நகரும் பொருளைப் படம் எடுப்பவருக்கோ ஒவ்வொரு நொடியும் அரியது. அந்நொடியில் உருவம் தெளிவாகப் பதிய வேண்டுமாயின், பொருள் இருக்கும் தொலைவுக்கு ஏற்ப வில்லை ஒளியைக் குவிக்க வேண்டும். இவ்வேலையை ஒளிப்படக் கருவியே செய்துகொண்டால் அது தானியங்கிக் குவிப்பு. வில்லையின் வளையத்தை நாமே திருப்பிச் செய்தால் அது கைக்குவிப்பு. முன்னதை ஆட்டோஃபோகஸ் என்றும் பின்னதை மேனுவல் ஃபோகஸ் என்றும் பேச்சுவழக்கில் கூறுவர். இவ்விரண்டில் எதை, எப்போது தேர்ந்தெடுப்பது?

நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்தில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. விடுமுறை நாள்களில் கருவியோடு சங்குமுகம் கடற்கரைக்குச் செல்வது என் வழக்கம். அங்கே செம்பருந்துகள் வானில் வட்டமிடும். வெண்ணிறத் தலையும் செம்பழுப்புச் சிறகும் கொண்ட அப்பறவை எப்போது திரும்பும், எப்போது தாழும் என்று யாரால் கூற இயலும்? ஆகவே அங்கே நான் தானியங்கிக் குவிப்பையே நாடுவேன். பொத்தானைப் பாதி அழுத்தியபடி பறவையைப் பின்தொடர்ந்தால், கருவி இடைவிடாமல் குவிப்பைத் திருத்திக்கொண்டே வரும். உள்ளே வரும் ஒளியை இரு கூறாக்கி, அவை தரும் இரு உருவங்களும் எவ்வளவு விலகியுள்ளன என்று ஒப்பிட்டு, வில்லையை எப்பக்கம் நகர்த்துவது என அது அறிகிறது. 1985ஆம் ஆண்டு வெளிவந்த மினோல்டா 7000 என்னும் கருவிக்குப் பிறகு இவ்வசதி விரைந்து பரவியது.

அதற்கு முன்னர் வாழ்ந்த கலைஞர்கள் என்ன செய்தனர்? புதின ஆசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) புகழ்பெற்ற இயற்கையியலாளர். வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே ஒரு கருவியை அமைத்து, அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டார். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளைப் படங்களாக்கினார். விலங்கின் இயல்பை அறிந்திருந்ததே அவருக்குப் பெருந்துணை.

அவ்வழியின் பயனை நவராத்திரி ஊர்வலத்தின்போது நானும் உணர்ந்தேன். ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்வர். அச்சரஸ்வதி, கம்பர் வழிபட்ட தெய்வம் என்பது மரபு. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும், களியக்காவிளை எல்லையைக் கடந்து இவ்வூர்வலம் வருகிறது.

எங்கள் அம்மா இளமை முதல் அதைக் கண்டு வணங்கியவர். முதுமையால் அவ்வாண்டு கூட்டத்தில் நிற்க அவரால் இயலவில்லை. "நீ படம் எடுத்து வா, மக்களே! நான் வீட்டிலிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்" என்றார். யானை ஒருமுறைதான் அவ்வழியே செல்லும். திரும்பி வந்து நமக்காக நிற்காது.

கரமனையில் ஒரு கடைப்படியில் இடம் பிடித்தேன். மாலை ஒளி மங்கிக்கொண்டிருந்தது. எதிரே நூறு கைகள் கைப்பேசிகளோடு உயர்ந்திருந்தன. அந்நிலையில் தானியங்கிக் குவிப்பு, அருகில் உயரும் ஏதேனும் ஒரு கையைப் பற்றிக்கொள்ளக்கூடும். ஆனால் யானை செல்லும் பாதையை நான் அறிவேன். பருந்தைப் போல அது திடீரெனத் திரும்பாது. எனவே, சாலையோர விளக்குத்தூண் ஒன்றின்மீது முதலில் தானியங்கியால் குவித்தேன். பின்னர் வில்லையின் பக்கத்திலுள்ள விசையைக் கைக்குவிப்புக்கு மாற்றினேன். இனி எத்தனை கைகள் குறுக்கிட்டாலும் குவிப்பு மாறாது. காத்திருந்தேன். யானை தூணை நெருங்கியதும் பொத்தானை அழுத்தினேன்.

அன்றிரவு அம்மா அப்படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கைகூப்பினார்.

நீங்களும் விளையாட்டுத் திடலிலோ திருவிழாவிலோ படம் எடுக்கலாம். அப்போது, "இது எங்கே வரும் என்று எனக்குத் தெரியுமா?" என்று முதலில் கேளுங்கள். தெரியாவிடில் தானியங்கியை நம்புங்கள். தெரிந்தால் அவ்விடத்தில் முன்னரே குவித்து வைத்துப் பொறுமையோடு காத்திருங்கள். கருவி விரைவாகக் குவிக்கும்; ஆனால் எது நமக்கு வேண்டியது என்பதை நாமே அதற்குச் சொல்ல வேண்டும்.