குர்துபாவில் ஒரு நண்பகல்

மத்ரீதிலிருந்து புறப்பட்ட விரைவு ரயில், இரண்டு மணி நேரத்திற்குள் எங்களைக் குர்துபாவில் கொண்டு வந்து சேர்த்தது. வரைபடங்களில் அது கோர்தோபா. நம் பெரியோர் நாவில் என்றும் குர்துபாதான். மார்ச் மாதத்தின் நடுப்பகுதி. காலையில் விரல்கள் விறைக்கும் குளிர். நண்பகலில் தோள்மீது கிடக்கும் கம்பளிச் சால்வையே சுமையாகிவிடும். இடையிடையே சொல்லாமல் வந்து சொல்லாமல் போகும் மழை. தென் ஸ்பெயினின் கோடை கொடியது என்று கேள்வியுற்றே இப்பருவத்தைத் தேர்ந்தோம். அதனால் நாங்கள் எதிர்பாராத விருந்தொன்று கிடைத்தது. தெருவோரமெங்கும் கசப்பு ஆரஞ்சு மரங்கள் பூத்திருந்தன. பழைய பழங்கள் உதிராமல் தொங்க, அவற்றினூடே வெண்பூக்கள். அப்பூவை அவ்வூரார் ‘அஸஹார்’ என்கின்றனர். மலரைக் குறிக்கும் ‘ஸஹ்ர்’ என்னும் அரபுச் சொல்லே அது. ஊரைத் தழுவி ஓடும் குவாதல்கிவிர் ஆற்றின் பெயரும் ‘வாதீ அல்கபீர்’, அதாவது பெரிய ஆறு, என்பதன் திரிபே. முந்தின நாள் மழையால் ஆறு செந்நிறமாய்ப் பெருகி, உரோமானியப் பாலத்தின் வளைவுகளை முட்டிக்கொண்டு சென்றது.

நாங்கள் சென்றது பள்ளிவாசலைக் காண. திமிஷ்கில் தம் குலத்தாரைப் பறிகொடுத்து, உயிர் தப்பி மேற்கே வந்த உமையா இளவரசர் அப்துர் ரஹ்மான், 756இல் இந்நகரைத் தம் தலைநகராக்கினார். முதுமையில், 785ஆம் ஆண்டு வாக்கில், இப்பள்ளியைத் தொடங்கினார். பின்வந்தோர் இருநூறாண்டுக் காலம் அதனை விரித்துக்கொண்டே போயினர். 1236இல் நகரம் மூன்றாம் பெர்தினாந்தின் கைக்குப் போயிற்று. அன்றுமுதல் அது கிறித்தவத் தேவாலயம். இன்று முஸ்லிம்கள் அங்கே தொழுவதற்கு அனுமதி இல்லை. இதனை அறிந்தே சென்றோம். நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு, ‘மன்னிப்பு வாயில்’ என்னும் பெயருடைய வாசலைக் கடந்து உள்ளே போனோம். யார் யாரை மன்னிக்க வேண்டும் என்று எம் துணைவியார் கேட்டார். மறுமொழி சொல்லத் தெரியவில்லை.

உள்ளே ஒளி குறைவு. 856 தூண்கள் நிற்பதாகக் கணக்கு. எண்ணிப் பார்க்க எவருக்கும் தோன்றாது. உரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்துக்கொண்ட தூண்கள் அவற்றுள் பல; ஆகையால் ஒன்று கருமை, ஒன்று செம்மை, ஒன்று வரியோடியது. அவற்றின்மேல் செங்கல்லும் வெண்கல்லும் மாறி மாறி அமைந்த இரட்டை வளைவுகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் அணியணியாய் நிற்கும் ஸஃப்புகளே கண்ணில் பட்டன; தொழுவோர்தாம் இல்லை.

மிஹ்ராபின் முன்னே கம்பி வேலி. இரண்டாம் ஹகம் எழுப்பியது; நீலமும் பொன்னும் கலந்த பளிங்குத் துணுக்குகளால் திருவசனங்கள் பதித்தது. அத்துணுக்குகளையும், அவற்றைப் பதிக்கும் கைவினைஞரையும் கான்ஸ்டாண்டிநோபிளின் கிறித்தவப் பேரரசரே அனுப்பியதாக அரபு வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். நாங்கள் நெடுநேரம் அங்கேயே நின்றோம். “நிற்க முடியவில்லை, காலே மடங்குகிறது” என்றார் துணைவியார், தாழ்ந்த குரலில். கற்றளத்தின் குளிருக்கு எங்கள் கைகள் தாமாகவே நெஞ்சோடு கட்டிக்கொண்டிருந்தன போலும். காவலர் ஒருவர் விரைந்து வந்தார்; நடுவயதினர். எங்கள் கைகளைச் சுட்டி, ஒரு விரலை மெல்ல அசைத்தார். கைகளைத் தொங்கவிட்டோம். குளிருக்காகக் கட்டினோம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் குளிருக்காக மட்டுமே கட்டினோம் என்று எங்களாலேயே உறுதி கூற இயலாத நிலையில் எப்படிச் சொல்வது?

மனத்தில் கசப்பு ஏறியது உண்மை. கட்டடத்தின் நடுவே, தூண்களை அகற்றி 1523இல் எழுப்பத் தொடங்கிய பெரிய ஆலயக்கூடத்தைக் கண்டபோது அது மேலும் ஏறிற்று. ஆனால் அவ்விடிப்பை எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? இந்நகரின் கிறித்தவ மன்றத்தாரே. இடிக்கும் பணியில் இறங்குவோர்க்கு மரண தண்டனை என்று அவர்கள் ஆணையிட்டனர். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஆயரின் பக்கம் நின்றதால் அது செல்லவில்லை. மணிகளின் கதையும் உண்டு. 997இல் அல்மன்சூர் வடக்கே சாந்தியாகோ நகரைத் தாக்கி, அவ்வூர் ஆலயத்தின் மணிகளைக் கிறித்தவக் கைதிகளின் தோளில் சுமத்தி இங்கே கொண்டுவந்து, இப்பள்ளியில் விளக்குகளாகத் தொங்கவிட்டார் என்பர். 1236இல் அவை முஸ்லிம் கைதிகளின் தோளில் ஏறித் திரும்பிப் போயின. சிறுவயதில் அல்மன்சூரின் வெற்றிகளைப் பெருமிதத்தோடு படித்தவர்கள் நாங்கள். அந்த மணிகள் எத்தனை பாரம் என்று அப்போது நினைத்ததில்லை.

முற்றத்துக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒருகாலத்தில் ஒளுச் செய்த அம்முற்றத்தில் இப்போது வரிசையாக ஆரஞ்சு மரங்கள். மரத்துக்கு மரம் சிறு வாய்க்கால். தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். அதே காவலர் அங்கே நின்றிருந்தார், பணி மாறும் வேளை போலும். எங்களைக் கண்டதும் சற்றே கூசினார். எங்களுக்குத் தெரிந்த நாலைந்து ஸ்பானியச் சொற்களைக் கூட்டி, மழை விடுமா என்று கேட்டோம். அவர் வானைப் பார்த்து, “ஓஹலா” என்றார்.

அல்லாஹ் நாடினால் என்று பொருள்படும் பழைய அந்தலூஸிய அரபுத் தொடர் தேய்ந்து பிறந்த சொல் அது. அவருக்கு அது தெரிந்திருக்குமோ என்னவோ, நாங்கள் கேட்கவில்லை.

மழை விட்டது. விடுதி அறைக்கு வந்து லுஹருக்கு ஒளுச் செய்தோம். பள்ளிவாசலின் கிப்லாச் சுவர் ஏறக்குறையத் தெற்கு நோக்கியது. திமிஷ்கின் வழக்கத்தை ஒட்டியது என்றும், பழைய உரோமானியத் தெருக்களை ஒட்டியது என்றும் இருவேறாகக் காரணம் கூறுவர். மக்காவோ இங்கிருந்து கிழக்கே. கிழக்குச் சுவரையொட்டிக் கட்டில் கிடந்தது; இருவரும் சேர்ந்து அதனை நகர்த்தினோம். துணைவியார் விரிப்பை எடுக்கக் கைப்பையைத் திறந்தார். அதனுள் ஒரு கைக்குட்டை. முற்றத்தில் மழைக்கு உதிர்ந்து கிடந்த பூக்கள் அதில் நனைந்தபடி இருந்தன. அவற்றை எப்போது பொறுக்கினார் என்று அறியோம். கைக்குட்டையை விரித்தபடியே சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, விரிப்பை உதறிப் போட்டார்.