வெள்ளைப் பூவின் பிறந்த ஊர்

இத்தாலி போய்வந்த நண்பர் ஒருவர் தாளில் மடித்து ஒரு கிழங்குத் துண்டைக் கொடுத்தார். சுக்கு மாதிரி காய்ந்திருந்தது, சுக்கைவிட வெளுப்பு. முகர்ந்தால் வயலட் பூவின் வாசனை. “ஃப்ளோரன்ஸ் ஐரிஸ்” என்றார். வாசனைத் திரவியம் செய்கிறவர்களுக்கு இது பெரிய சரக்கு. ஒருகாலத்தில் பல் முளைக்கும் குழந்தைகளுக்குக் கடிக்கவும் கொடுத்தார்களாம். நம் வீட்டு வசம்பு ஞாபகம் வந்தது. இந்தச் செடிக்கு எந்த ஊர் என்று தேட உட்கார்ந்தேன். பெயரிலேயே ஊர் இருக்கிறதே, அரை மணியில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

முதலில் எல்லாம் அழகாகப் பொருந்தியது. ஃப்ளோரன்ஸின் நகரச் சின்னத்தை லில்லி என்று சொன்னாலும், அது ஐரிஸ் பூதான் என்பார்கள். ஆரம்பத்தில் சிவப்புத் துணியில் வெள்ளைப் பூ. 1251இல் எதிர்க் கட்சியை ஊரைவிட்டுத் துரத்திய கையோடு, வென்றவர்கள் நிறங்களை மாற்றிப் போட்டார்கள்: வெள்ளையில் சிவப்புப் பூ. தாவரவியலாளர் லின்னேயஸ் 1759இல் வெள்ளை ஐரிஸ் ஒன்றுக்கு ‘ஐரிஸ் ஃப்ளோரன்டினா’ என்று பெயர் வைத்தார். ஊர், கொடி, பூ, பெயர் எல்லாம் ஒரே வரிசையில். இவ்வளவு ஒழுங்காக வந்ததே சந்தேகப்பட வைத்தது.

குரோமோசோம் கணக்கில்தான் இடித்தது. இதழில் தாடி போல மயிர் வைத்த உயரமான ஐரிஸ் இனங்களில் பெரும்பாலும் 24 அல்லது 48 குரோமோசோம்கள் இருக்கும். ஃப்ளோரன்டினாவில் 44. ஆக, இது தனி இனமே அல்ல. எப்போதோ நடந்த கலப்பில் பிறந்த செடி; இன்று ஜெர்மானிக்கா என்னும் கலப்பினத்தின் ஒரு வகையாகவே வைக்கிறார்கள். விதை பிடிப்பதும் அபூர்வம். நாம் மஞ்சளை உடைத்து நடுவதுபோல, யாரோ கிழங்கைப் பிட்டுப் பிட்டு நட்டுத்தான் இது ஊர் ஊராகப் போயிருக்கிறது.

இதற்குள் இன்னொரு வெள்ளை ஐரிஸ் குறுக்கே வந்து குழப்பியது. ‘ஆல்பிகன்ஸ்’. இதை 1860இல் ஸ்பெயின் செடியாகத் தாவரவியலாளர் லாங்கே பதிவு செய்தார். ஆனால் அதன் வீடு அரேபியத் தீபகற்பம், ஏமன் பக்கம். முஸ்லிம்கள் கல்லறைகளில் நட எடுத்துப்போன கிழங்கு அவர்களோடு மத்தியதரைக் கடலோரம் முழுக்கப் பயணம் செய்தது. அதுவும் மலட்டுச் செடிதான். இரண்டையும் தோட்டக்காரர்களே மாற்றிச் சொல்வதுண்டு. ஃப்ளோரன்டினாவின் வெண்மையில் லேசாக நீலம் கலந்திருக்கும், ஆல்பிகன்ஸ் சலவை வெள்ளை.

சரி, ஃப்ளோரன்ஸைச் சுற்றியுள்ள டஸ்கனி விவசாயிகள் வயலில் வைத்திருப்பது எது? அங்கே எனக்கு நல்ல அடி விழுந்தது. கியாந்தி மலைச்சரிவுகளில் கிழங்குக்காகப் பெரும்பாலும் பயிராவது ‘பல்லிடா’ என்ற வேறோர் இனம். 1789இல் லமார்க் வைத்த பெயர். பல்லிடா என்றால் வெளிறியது. வெளிர் ஊதாப் பூ. மொட்டை மூடும் உறை, பூ விரியும்போதே காய்ந்து வெள்ளித்தாள் போலாகிவிடும். இந்தச் செடியை அடையாளம் காண அதுவே போதும். அதுவும் ஃப்ளோரன்ஸ்காரி அல்ல. கடலுக்கு அந்தப் பக்கம், குரோஷியாவின் டால்மேஷியக் கரையோரச் சுண்ணாம்புப் பாறைகளில் தானாக வளர்வது. அங்கே ஐரிஸுக்கு ‘பெருனிகா’ என்று பெயர். இடித்தெய்வம் பெருனின் பூ.

டஸ்கனிக்கு மிஞ்சியது பொறுமைதான். நட்டு மூன்றாம் ஆண்டு கிழங்கைத் தோண்டித் தோல் சீவிக் காயவைத்து, இன்னும் மூன்று ஆண்டு சும்மா போட்டுவைப்பார்கள். பச்சைக் கிழங்கில் அந்த வாசனை கிடையாது. உள்ளிருக்கும் பொருள்கள் காற்றுபட்டு மெல்ல மாறி ‘ஐரோன்’ ஆகும்போதுதான் வயலட் மணம் பிறக்கும்.

என் கையிலிருக்கும் துண்டு வெள்ளைப் பூவுடையதா, ஊதாப் பூவுடையதா? நண்பருக்குப் போன் போட்டேன். பூக்கிற மாதம் மே. அவர் போனது ஆகஸ்டில்.

“பூவா? வெயில்ல கிழங்கு சீவிட்டிருந்தாங்கப்பா. பூவெல்லாம் நான் எங்க பார்த்தேன்” என்றார்.